சிக்கிய வண்டியை மீட்டல்

சக்கரம் தோன்றிய நாள்முதல் அதனோடு ஒரு தொல்லையும் தோன்றியது. திண்ணிய நிலத்தில் எளிதாக உருண்டோடும் சக்கரம் சேற்றிலும் மணலிலும் புதைந்து நின்றுவிடுகிறது. பண்டைத் தமிழகத்தில் உப்பு வணிகராகிய உமணர்கள் பெரும்பாரம் ஏற்றிய வண்டிகளை மேடும் பள்ளமும் நிறைந்த வழிகளில் நெடுந்தொலைவு செலுத்திச் சென்றனர். வழியில் யாது நேருமோ என்று கருதிய அவர்கள், வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். புறநானூற்றில் உள்ள ஔவையாரின் பாடல் ஒன்று நமக்கு இச்செய்தியைத் தருகின்றது. இடர் வருமுன் அதனை எண்ணிப் பார்ப்பதே அறிவுடையார் செயல் என்பதற்கு அவ்வுமணர்கள் ஒரு சான்று.

இன்று மாட்டு வண்டியின் இடத்தை மோட்டார் வண்டி பெற்றுவிட்டது. எனினும் சேறு சேறாகவே இருக்கிறது; மணலும் மணலாகவே இருக்கிறது. மழைநாளில் மண்பாதையிலும், கடற்கரை மணலிலும், ஆற்றுப் படுகையிலும் செல்லும் வண்டிகள் சிக்கிக்கொள்வதுண்டு. அத்தகைய இடங்களுக்குச் செல்வோர் வலிய இழுபட்டை ஒன்றை வண்டியில் வைத்திருப்பர். ஒரு வண்டியை மற்றொரு வண்டியோடு இணைத்து இழுப்பதற்கு அஃது உதவும். காண்பதற்கு எளிதாகத் தோன்றும் இச்செயலில் பெருந்தீங்கு ஒன்று மறைந்திருக்கிறது. முறையறிந்து இழுத்தால் வண்டி மீளும். முறை தவறினால் இழுத்த பட்டையே அருகில் நின்றவர் உயிரைக் கவர்ந்துவிடும். ஆதலின் அம்முறையையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து அறிதல் நலம்.

வண்டி ஏன் சிக்குகிறது? வண்டியின் எடை முழுவதும் நான்கு சக்கரங்கள் நிலத்தைத் தொடும் சிறு பரப்பின்மீதே அழுந்துகிறது. நிலம் அவ்வழுத்தத்தைத் தாங்கவில்லையெனில் சக்கரம் இறங்குகிறது. அந்நிலையில் ஓட்டுநர் எஞ்சினை மேலும் முடுக்கினால், சக்கரம் பிடிப்பின்றிச் சுழன்று தன் அடியிலுள்ள மண்ணையே வாரி வெளியே எறிகின்றது. வண்டி முன்னே செல்வதற்கு மாறாகத் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்கிறது. வண்டியின் வயிறு மண்ணில் படிந்த பின்னர், சக்கரங்கள் எவ்வளவு சுழன்றாலும் பயன் இல்லை. எனவே, சக்கரம் வீணே சுழல்வதை உணர்ந்த அக்கணமே முடுக்கத்தை நிறுத்துதல் வேண்டும். இதுவே மீட்பின் முதற் பாடம்.

இரண்டாம் பாடம் மண்வெட்டியைக் கையில் எடுத்தல். கயிற்றைத் தேடுமுன் மண்ணைத் தோண்டுக என்பது அனுபவமுடையோர் கூறும் அறிவுரை. இதன் சிறப்பைப் படைத்துறையினரின் கணக்கு ஒன்று நன்கு விளக்கும். வண்டி சக்கரத்தின் அளவுக்குப் புதைந்திருந்தால், அதனை இழுக்க வண்டியின் மொத்த எடைக்கு நிகரான விசை வேண்டும் என்று அமெரிக்கப் படைத்துறையின் மீட்புக் கையேடுகள் மதிப்பிடுகின்றன. சக்கரத்தின் மேலுள்ள மட்காப்பு வரையில் புதைந்திருந்தால் அவ்விசை இரு மடங்காகும். ஓட்டுநர் அறை வரையில் புதைந்திருந்தால் மும்மடங்காகும். 5 டன் எடையுள்ள வண்டிக்கு முதல் நிலையில் 5 டன், இரண்டாம் நிலையில் 10 டன், மூன்றாம் நிலையில் 15 டன் அளவு இழுவிசை தேவை என்பது இதனால் விளங்கும். தோண்டி எடுக்கும் ஒவ்வொரு கூடை மண்ணும் பட்டையின் சுமையைக் குறைக்கிறது.

சக்கரங்களின் முன்னுள்ள மண்ணைச் சரிவாக வெட்டி வழி செய்தல் வேண்டும். வண்டியின் அடிப்பகுதியில் அடைந்துள்ள மண்ணையும் அகற்றுதல் வேண்டும். வண்டியிலுள்ளோர் இறங்கிச் சுமையையும் இறக்கிவிடலாம். மணலாயின் டயர்களின் காற்றைக் குறைப்பது பெரிதும் பயன்தரும். சதுர அங்குலத்திற்கு 35 பவுண்டு அழுத்தம் உள்ள டயரின் காற்றை 20 பவுண்டு அளவுக்குக் குறைத்தால், அது தரையில் நன்கு படிந்து நீண்ட பரப்பைப் பற்றுகின்றது. ஒட்டகத்தின் அகன்ற பாதம் மணலில் புதையாதிருப்பதும் இக்காரணம் பற்றியே. சக்கரத்தின் அடியில் பலகைகளை இடுவதும் உண்டு. இவற்றைச் செய்த அளவிலேயே வண்டி தானாக வெளியேறிவிடுதல் பலமுறை நிகழ்வதாகும். அவ்வாறாயின் இழுபட்டைக்கு வேலையே இல்லை. காற்றைக் குறைத்த டயரோடு விரைந்து செல்லுதல் ஆகாது. திண்ணிய சாலையை அடைந்ததும் மீண்டும் காற்றை நிரப்பிக்கொள்ளுதல் வேண்டும்.

இவையெல்லாம் செய்தும் வண்டி அசையாதபோதே மற்றொரு வண்டியின் துணையை நாடுகிறோம். இப்பொழுது பட்டையைப் பற்றி அறிதல் வேண்டும். தோற்றத்தில் ஒன்றுபோல் உள்ள பட்டைகளுள் இருவகை உண்டு. ஒன்று பாலியெஸ்டர் இழையால் ஆனது. இது மிகச் சிறிதளவே நீளும். பழுதுற்ற வண்டியைச் சாலையில் மெல்ல இழுத்துச் செல்ல இஃது ஏற்றது. மற்றொன்று நைலான் இழையால் ஆனது. இது தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நீண்டு, பின்பு சுருங்கவல்லது. 9 மீட்டர் நீளமுள்ள பட்டை ஏறத்தாழ 11 மீட்டர் வரை நீளும் என்று கொள்ளலாம். சேற்றிலும் மணலிலும் சிக்கிய வண்டியை ஓடும் வேகத்தைக் கொண்டு இழுப்பதற்கென்றே இது செய்யப்படுகிறது. முன்னதை இழுபட்டை என்றும், பின்னதை மீள்பட்டை என்றும் நாம் இங்கு வேறுபடுத்திக் கூறுவோம்.

நைலானை 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வாலஸ் கரோதர்ஸ் என்ற வேதியியலறிஞரும் அவர்தம் குழுவினரும் உருவாக்கினர். இரண்டாம் உலகப் போரின்போது, எஞ்சின் இல்லாத வானூர்திகளை விமானத்தின் பின்னே கட்டி இழுத்துச் செல்லும் கயிறுகள் இவ்விழையால் செய்யப்பட்டன. நீண்டு கொடுக்கும் கயிறு அதிர்ச்சியைத் தாங்கியது. பாலியெஸ்டர் இழையை 1941இல் இங்கிலாந்தைச் சேர்ந்த வின்ஃபீல்டு, டிக்சன் என்னும் இருவர் கண்டனர். இரண்டும் வலிமை மிக்கவை. ஆயினும் அவற்றின் இயல்பு வேறு. ஆதலின் ஒன்றன் வேலைக்கு மற்றொன்றைப் பயன்படுத்துதல் தவறாகும்.

நீளும் தன்மையால் விளையும் நன்மையை ஒரு கணக்கால் காண்போம். 2,000 கிலோகிராம் நிறையுள்ள வண்டி ஒன்று மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. விரைந்து நடப்பவரைவிடச் சற்றே மிகுந்த வேகந்தான் அது. எனினும் அவ்வண்டியிடம் உள்ள இயக்க ஆற்றல் ஏறத்தாழ 7,700 ஜூல் ஆகும். 50 கிலோகிராம் எடையுள்ள அரிசி மூட்டை ஒன்றை ஐந்து மாடி உயரத்திற்குத் தூக்கிவிட அவ்வாற்றல் போதும். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதையும் நினைவிற் கொள்க. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஆற்றல் ஏறத்தாழ 31,000 ஜூல் ஆகிவிடுகிறது.

இவ்வண்டி சிக்கிய வண்டியோடு பட்டையால் இணைக்கப்பட்டுள்ளது. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, பட்டை விறைத்ததும் நிற்கிறது எனக் கொள்வோம். மீள்பட்டை 1 மீட்டர் நீண்டு கொடுத்து அதனை நிறுத்துமாயின், அப்பொழுது பட்டையில் தோன்றும் விசை சராசரியாக ஏறத்தாழ 790 கிலோகிராம் எடைக்கு நிகராகும். பட்டைக்கு மாறாக இரும்புச் சங்கிலி கட்டப்பட்டிருந்து, எல்லாம் சேர்ந்து 5 சென்டிமீட்டர் மட்டுமே விட்டுக்கொடுக்குமாயின், அவ்விசை இருபது மடங்காகப் பெருகி ஏறத்தாழ 16 டன் எடைக்கு நிகராகிவிடும். உச்ச அளவு இச்சராசரியினும் மிகுதியாகவே இருக்கும். அத்தகைய அதிர்ச்சியைச் சங்கிலியோ, அது மாட்டப்பட்ட கொக்கியோ, வண்டியின் உறுப்போ தாங்க இயலாது. ஏதேனும் ஒன்று முறிந்தே தீரும். சங்கிலியையும் கம்பிவடத்தையும் பாலியெஸ்டர் பட்டையையும் கட்டிக்கொண்டு ஓடிவந்து இழுத்தல் கூடாது என்பதன் காரணம் இதுவே. அவற்றைக் கொண்டு இழுக்கும்போது, முதலில் தொய்வை மெல்ல நீக்கி, விறைத்தபின் அமைதியாக இழுத்தல் வேண்டும்.

நைலான் பட்டையில் தீங்கே இல்லையோ எனின், உண்டு. நீண்ட பட்டை தன்னுள் ஆற்றலைச் சேர்த்து வைத்திருக்கிறது. வளைத்த வில்லிலும் இழுத்த கவணிலும் இருப்பது அத்தகைய ஆற்றலே. வண்டி மீளும்போது அது வண்டியை முன்னே தள்ளும் நற்பணியில் செலவாகிறது. இடையில் பட்டை அறுந்தாலோ, மாட்டிய உறுப்பு முறிந்தாலோ, அவ்வாற்றல் முழுவதும் ஒரு கணத்தில் விடுபடுகிறது. அறுந்த பட்டை சவுக்குப்போல் வீசியடிக்கும். அதன் நுனியில் இரும்புத் துண்டு ஒன்று சிக்கியிருந்தால், அது பீரங்கிக் குண்டென வண்டியின் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு பாயும். கண்ணிமைக்கும் நேரத்தில் நிகழும் இதனைக் கண்டு ஒதுங்க எவராலும் இயலாது. ஒதுங்கி நிற்றல் முன்னரே செய்யவேண்டிய செயலாகும்.

இவ்வுண்மையை மிகுந்த விலை கொடுத்து அறிந்த நாடுகளுள் ஆஸ்திரேலியா ஒன்று. அங்குச் சிம்சன் பாலைவனத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணற்குன்றுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. முன்னர் ஃபிரேசர் தீவு எனப் பெயர் பெற்றிருந்த ககாரி, உலகிலேயே மிகப் பெரிய மணல் தீவு. அத்தீவில் கடற்கரை மணலே நெடுஞ்சாலையாகவும் பயன்படுகிறது. கடலில் நீர் ஏறும் வேளையில் அம்மணலில் சிக்கிய வண்டியைக் கண்டால் எவருக்கும் பதற்றம் உண்டாகும். அலை அடுத்தடுத்து நெருங்கி வரும்போது கையிற் கிடைத்ததைக் கட்டி இழுக்கவே மனம் துடிக்கும். அந்நாட்டில் மீள்பட்டையால் இழுக்கும்போது உயிரிழந்தோரும் படுகாயமுற்றோரும் உளர். இதனை உணர்ந்த ஆஸ்திரேலிய அரசு, இப்பட்டைகளுக்கெனக் கட்டாயப் பாதுகாப்பு விதியொன்றை 2010ஆம் ஆண்டில் வகுத்தது. ஒவ்வொரு பட்டையிலும் எச்சரிக்கைகள் பொறிக்கப்படவேண்டும் என்பது அவ்விதி.

அவ்வெச்சரிக்கைகளுள் தலையாயவை மூன்று. முதலாவது, பட்டையின் வலிமை பற்றியது. பட்டை அறுவதற்குக் குறைந்த அளவாகக் குறிக்கப்பட்ட விசை, வண்டியின் சுமையோடு கூடிய மொத்த நிறையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு இருத்தல் வேண்டும். 3 டன் வண்டிக்கு 6 முதல் 9 டன் வரை தாங்கும் பட்டை ஏற்றதாகும். இதனினும் குறைந்தால் பட்டை அறும். மிகுந்தால் பட்டை போதிய அளவு நீளாமல் சங்கிலிபோல் அதிரச் செய்யும். இரண்டாவது, தொலைவு பற்றியது. இழுக்கும்போது வெளியில் உள்ளோர் யாவரும் பட்டையின் நீளத்தைப்போல் குறைந்தது ஒன்றரை மடங்கு தொலைவில் நிற்றல் வேண்டும். 9 மீட்டர் பட்டையாயின் அஃது 13½ மீட்டர் ஆகும். பட்டையின் நேர்க்கோட்டில் எத்துணைத் தொலைவிலும் நிற்றல் ஆகாது. மூன்றாவது, பட்டையின் நிலை பற்றியது. வெட்டுப்பட்ட, நைந்த, தையல் பிரிந்த பட்டையைப் பயன்படுத்தலாகாது. நீரில் ஊறிய பட்டையின் வலிமையும் நீட்சியும் குறையும் என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, பட்டையை எங்கே மாட்டுவது என்பது எல்லாவற்றினும் முதன்மையான வினா. வண்டியின் அடிச்சட்டத்தோடு உறுதியாகப் பொருத்தப்பட்டு, மீட்புக்கென்றே அமைக்கப்பட்ட கொக்கியிலோ வளையத்திலோதான் மாட்டவேண்டும். பல வண்டிகளில் முன்னும் பின்னும் சிறு வளையங்கள் காணப்படும். அவற்றுள் சில, வண்டியைக் கப்பலில் ஏற்றும்போது அசையாமல் கட்டிவைப்பதற்கு உரியவை. இழுப்பதற்கு உரியவை அல்ல. சக்கர அச்சிலும், திசைதிருப்பும் தண்டிலும், முட்டுத்தாங்கியிலும் மாட்டுதல் தவறு.

இவை அனைத்தினும் கொடியது, பின்வண்டியை இணைப்பதற்காக வைத்துள்ள இரும்புக் குமிழில் பட்டையை மாட்டுவதாகும். குமிழ் பருத்து உறுதியாகத் தோன்றும். பட்டையின் கண்ணியும் அதில் எளிதாக நுழையும். ஆனால், அது பின்வண்டியை ஒரு சீராக இழுத்துச் செல்வதற்கென்று செய்யப்பட்டது. திடீரென்று வரும் அதிர்ச்சியைத் தாங்குவதற்கு அன்று. குமிழின் கழுத்து முறிந்தால், அது பட்டையோடு சேர்ந்து மற்ற வண்டியை நோக்கிப் பாய்கிறது. இவ்வாறு பாய்ந்த குமிழ்கள் உயிர்களைக் கவர்ந்துள்ளன. எவ்வளவு அவசரமாயினும், எவர் வற்புறுத்தினாலும், குமிழில் பட்டையை மாட்டலாகாது.

ஒரு பட்டை நீளம் போதவில்லையென்று, இரு பட்டைகளை இரும்பு வளையத்தால் இணைத்தலும் ஆபத்தானது. ஒரு பட்டை அறுந்தால் அவ்வளையமே எறிபடையாகிவிடும். பட்டையை முடிச்சிட்டாலோ, அதன் வலிமை பெரிதும் குறைந்துபோகும்; இறுகிய முடிச்சை அவிழ்த்தலும் அரிது. பட்டையை வண்டியோடு பிணைக்க ஷாக்கிள் எனப்படும் இரும்பு வளையத்தைப் பயன்படுத்துவோர், தாங்கும் எடை பொறிக்கப்பட்ட வளையத்தையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

இவற்றை அறிந்தபின் இழுக்கும் முறையைக் காண்போம். மீட்க வந்த வண்டி, சிக்கிய வண்டியின் எடைக்கு ஒத்ததாகவோ சற்று மிகுந்ததாகவோ இருத்தல் நலம். இரு வண்டிகளும் இயன்றவரை ஒரே நேர்க்கோட்டில் நிற்கவேண்டும். வண்டி எவ்வழியே சென்று சிக்கியதோ, அவ்வழியே பின்னோக்கி இழுப்பது பெரும்பாலும் எளிது. ஏனெனில், வந்த தடம் முன்பே அழுந்தி உறுதிப்பட்டிருக்கும். பட்டையை முறுக்கின்றி விரித்து இரு புறமும் மாட்டுக. அதன் நடுவில் கனத்த கம்பளியையோ மண் நிரப்பிய பையையோ தொங்கவிடுக. பட்டை அறுந்தால் அச்சுமை அதனைக் கீழ்நோக்கி இழுத்துத் தணிக்கும். ஆயினும், அதனை நம்பி அருகில் நிற்றல் கூடாது.

வண்டிக்கு ஒருவராக ஓட்டுநர் இருவர் மட்டுமே உள்ளே அமர்ந்து இருக்கைப் பட்டியை அணிந்திருத்தல் வேண்டும். தொலைவில் நின்று சைகை காட்டுபவர் ஒருவரே ஆதல் வேண்டும். புறப்படுதல், நிறுத்துதல் ஆகியவற்றுக்கான சைகைகளை முன்னரே பேசி முடிவு செய்துகொள்ளல் இன்றியமையாதது. முதலில் தொய்வில்லாமல் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். வண்டி வரவில்லையெனில், மீள்பட்டைக்கு மட்டும் இரண்டு அல்லது மூன்று மீட்டர் தொய்வு கொடுத்து, தாழ்ந்த கியரில் மிதமான வேகத்தில் புறப்படலாம். சிக்கிய வண்டியின் ஓட்டுநரும் அதே வேளையில் தம் வண்டியை மெல்லச் செலுத்தித் துணைபுரிதல் வேண்டும். வண்டி மேட்டை அடைந்ததும் அவர் ஒலியெழுப்பித் தெரிவித்தால், முன்வண்டி மெல்ல நிற்கலாம். இரு வண்டிகளும் முற்றிலும் நின்று, பட்டை தொய்ந்த பின்னரே ஒருவர் அருகில் சென்று அதனைக் கழற்றவேண்டும். விறைத்து நிற்கும் பட்டையைத் தொடுதலும் தாண்டுதலும் ஒருபோதும் கூடாது.

இரண்டு மூன்று முறை இழுத்தும் வண்டி அசையவில்லையெனில், வேகத்தைக் கூட்டவேண்டும் என்னும் எண்ணமே பலருக்கும் எழுகின்றது. விபத்துக்கு வழி திறப்பது இவ்விடத்தில்தான். வேகம் இரு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காவதை முன்னரே கண்டோம். எனவே, வண்டி வாராதபோது மீண்டும் மண்வெட்டியையே நாடுதல் வேண்டும். அடுத்தடுத்து இழுபட்ட நைலான் பட்டை தன் பழைய நீளத்தை அடையவும் சிறிது ஓய்வு தேவை. அவ்வோய்வு நேரத்தில் மேலும் தோண்டுவது இரு வகையிலும் பயன்தரும்.

வண்டி சிக்கிய இடத்தில் கூட்டம் கூடுதல் இயல்பு. சிறுவர்கள் முன்வரிசையில் நின்று காண விரும்புவர். உதவும் உள்ளமுடையோர் வண்டியைக் கைகொடுத்துத் தள்ளவும் முன்வருவர். அவர்களுடைய ஆர்வம் பாராட்டத்தக்கதே. ஆயினும், பட்டை கட்டி இழுக்கும்போது ஒருவரும் வண்டியைத் தள்ளுதலோ அருகில் நிற்றலோ கூடாது. எல்லாரையும் உரிய தொலைவுக்கு அனுப்பிய பின்னரே இழுக்கத் தொடங்குதல் ஓட்டுநரின் கடமை. ஒருவரேனும் விலக மறுத்தால், அவர் விலகும் வரை எஞ்சினை நிறுத்தி வைத்தல் வேண்டும். மாணவர்களாகிய நீங்கள் வண்டி ஓட்டும் வயதை இன்னும் அடையாதவர்கள். எனினும், இத்தகைய இடத்தில் விலகி நிற்கவும், உடன் நிற்கும் சிறுவரை விலக்கி அழைத்துச் செல்லவும் உங்களால் இன்றே இயலும்.

வேலை முடிந்ததும் பட்டையைச் சேற்றோடு சுருட்டி எறிந்துவிடலாகாது. இழைகளின் இடையே புகுந்த மணல் ஒவ்வோர் இழுப்பிலும் அவற்றை அரத்தைப்போல் அராவிவிடும். ஆகையால், தூய நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, வெட்டும் நைவும் உண்டோ எனப் பார்த்து, வெயில் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். பழுதுற்ற பட்டையை இரக்கமின்றி விலக்கிவிடுக. புதிய பட்டையின் விலை ஓர் உயிரின் விலைக்கு ஈடாகாது.

இடருற்றாருக்கு உதவுதல் நற்பண்பு. அவ்வுதவி நன்றாக முடிவதற்கு அன்பு மட்டும் போதாது. அறிவும் பொறுமையும் உடன் வேண்டும். சேற்றில் நிற்கும் வண்டி ஒரு மணி நேரம் கழித்து மீண்டாலும் அது வண்டியே. அலையில் மூழ்கிப் பாழான வண்டிக்கு ஈடாக வேறொன்றைப் பெறலாம். பட்டையின் கோட்டில் நின்று இழந்த உயிரை மீட்க ஒரு கயிறும் இல்லை. தோண்டுவதற்குச் சோம்பாமலும், இழுப்பதற்கு விரையாமலும், ஒதுங்கி நிற்பதற்கு நாணாமலும் செயல்படுவோரே வண்டியையும் மனிதரையும் ஒருங்கே காப்பர்.